ஹவாயின் பழங்காலக் கல் அமைப்புகள்: பதிவும் பாதுகாப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹவாய்த் தீவுகளில் சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் மேடைகளும் மீன்குளச் சுவர்களும் வீட்டு அடித்தளங்களும் இன்னும் ஏராளமாக உள்ளன. நிறைய இடங்கள் தனியார் நிலத்தில், புதருக்குள், பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் கிடக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்த மாதிரி அமைப்புகளைச் சொல்கிறீர்கள்?

முதலில் ஹெயாவ். ஹவாய் மக்களின் வழிபாட்டு இடங்களுக்குப் பொதுவான பெயர் அது. போருக்காக அரசன் கட்டியது, மழைக்கும் விளைச்சலுக்கும் கட்டியது, நோய் தீர்க்கக் கட்டியது என்று பல வகை உண்டு. மீனவர்கள் கடலோரத்தில் எழுப்பிய சின்னக் கல்மேடைகளும் உண்டு. மௌயி தீவின் ஹானா பகுதியில் உள்ள பீலானிஹாலே ஹெயாவின் முகப்புச் சுவர் சுமார் 50 அடி உயரம். இன்னொரு பக்கம், நாலு ஆள் நின்றால் நிறைந்துவிடும் மேடைகளும் இருக்கின்றன.

அப்புறம் கடலோர மீன்குளங்கள், டாரோ எனப்படும் சேப்பங்கிழங்கு பயிரிட்ட பாத்திகளின் கரைகள், பழைய நடைபாதைகள், பாறைச் செதுக்கல்கள், கல்லுளி செய்யக் கல் வெட்டிய குவாரிகள். மௌனா கியா மலையில் 12,000 அடிக்கு மேலேகூட அப்படி ஒரு குவாரி இருக்கிறது.

எவ்வளவு பழமையானவை? கல்லுக்கு எப்படி வயது கண்டுபிடிக்கிறார்கள்?

பாலினீசிய மாலுமிகள் ஹவாயில் குடியேறியது ஏறக்குறைய கி.பி. 1000க்கும் 1200க்கும் இடையில் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு. பெரிய ஹெயாவ்கள் பலவும் அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வந்தவை.

எரிமலைக் கல்லை எப்போது வெட்டினார்கள், எப்போது அடுக்கினார்கள் என்று அந்தக் கல்லே சொல்லாது. ஆனால் பூசை செய்தவர்கள் கடலில் இருந்து உயிருள்ள பவளக் கிளைகளை ஒடித்துவந்து காணிக்கையாக வைத்தார்கள். சுவர் கட்டும்போது கல்லிடுக்கிலும் செருகினார்கள். பவளம் வளரும்போது கடல்நீரில் இருக்கும் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அது காலப்போக்கில் தோரியமாக மாறும். இரண்டின் விகிதத்தை அளந்தால், பவளம் உயிரோடு இருந்த காலம் சில ஆண்டுகள் முன்பின்னாகத் தெரிந்துவிடும். மௌயியின் வறண்ட தென்கரையில் உள்ள கஹிகினுயி பகுதியில் இப்படி அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள கோயில்களில் பெரும்பாலானவை 1580 முதல் 1640 வரையான சுமார் 60 ஆண்டுகளுக்குள் எழுந்தவை என்று காட்டியது. அதுவரை அந்தக் கோயில் அமைப்பு பல நூற்றாண்டுகளில் மெல்ல வளர்ந்தது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ஒரே அரசியல் எழுச்சியில், ஓரிரு தலைமுறைக்குள் ஒரு கோயில் வரிசையே உருவாகியிருக்கிறது.

இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. ஹெயாவ் மேல் கிடக்கும் வெள்ளைப் பவளத் துண்டைப் பார்த்தால் கடற்கரைக் குப்பை மாதிரிதான் இருக்கும். நினைவாக இருக்கட்டும் என்று ஒருவர் அதைப் பையில் போட்டுக்கொண்டால், அந்தக் கோயிலின் தேதி அவரோடு விமானம் ஏறிவிடுகிறது. திருப்பி அனுப்பினாலும் பயனில்லை. எந்த இடுக்கில், எந்தக் கல்லுக்குக் கீழே இருந்தது என்பதில்தான் அதன் மதிப்பு முழுவதும்.

சாந்து இல்லாமல் சுவர் எப்படி நிற்கிறது?

அடி வரிசையில் பெரிய கற்கள். அவற்றின் நீளமான பகுதி சுவருக்குள்ளே போகும். வெளியில் தெரிவது குட்டையான முனை மட்டும். வரிசை உயர உயரச் சுவர் கொஞ்சம் உள்பக்கம் சாயும். பெரிய கற்களுக்கு இடையே சிறுகல்லை ஆப்பு மாதிரி இறுக்குவார்கள். நடுவில் சரளையும் உடைகல்லும். மழைத் தண்ணீர் உள்ளே தேங்காமல் வழிந்துவிடும். நிலம் லேசாக ஆடினால் சுவரும் கூடவே அசைந்து அமர்ந்துகொள்ளும்.

இதில் சிமெண்ட் பூசிப் பழுதுபார்ப்பது பெரும் தவறு. தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் கூடிச் சுவர் வயிறு தள்ளி நிற்கும். பிறகு ஒரு மழையில் மொத்தமாகச் சரியும்.

இவ்வளவு பெரிய பண்பாட்டின் கோயில்கள் எப்படிக் கைவிடப்பட்டன?

முதல் அடி உள்ளிருந்தே விழுந்தது. 1819இல் ஹவாய் அரசர் முதலாம் கமேஹமேஹா இறந்த சில மாதங்களில், அவர் மகன் லிஹோலிஹோவும் அரசி கஅஹுமானுவும் யார் எதைச் செய்யக் கூடாது, உண்ணக் கூடாது என்று கட்டுப்படுத்திய பழைய மதத் தடைவிதி முறையை ஒழித்தார்கள். தெய்வ உருவங்கள் எரிக்கப்பட்டன. ஹெயாவ்களில் பூசை நின்றது. கிறித்தவ மிஷனரிகள் வந்தது அடுத்த ஆண்டுதான்.

பிறகு வந்தவர்களுக்கு அது அடுக்கி வைத்த கட்டுமானக் கல். மாட்டுப்பண்ணைச் சுவருக்கும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் அள்ளினார்கள். கரும்பு, அன்னாசித் தோட்டங்கள் சமவெளியில் இருந்தவற்றை உழுது நிரவின. அதன் பின் ஓட்டல்கள், குடியிருப்புகள், நெடுஞ்சாலைகள். ஓவாஹு தீவின் எச்-3 நெடுஞ்சாலை 1997 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. ஹலாவா பள்ளத்தாக்கிலும் மலைக்கு மறுபக்கம் லுலுகுவிலும் அதன் பாதையில் இருந்த கல் அமைப்புகள் கோயிலா, வெறும் விவசாயக் கரையா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. ஹவாய்ப் பெண்கள் ஹலாவாவில் முகாமிட்டே எதிர்த்தார்கள். முன்கூட்டியே முறையான பதிவு இல்லாத இடத்தில் இப்படித்தான் ஆகும். சாலை வந்து நிற்கும்போது கல்லின் அடையாளத்தை விவாதிக்க ஆரம்பித்தால், அவசரத்தில் இருக்கும் தரப்பின் கை ஓங்கிவிடுகிறது.

இப்போது எது பெரிய ஆபத்து? எரிமலையா?

எரிமலை அழித்ததும் உண்டு. 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய்த் தீவின் தென்கிழக்குக் கரையில் இருந்த வஹாஉலா ஹெயாவ் மிகப் பழைய கோயில்களில் ஒன்றாகப் போற்றப்பட்டது. 1989இல் எரிமலைக் குழம்பு பக்கத்தில் இருந்த தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையத்தை எரித்துவிட்டு, ஹெயாவின் சுவரைச் சுற்றிக்கொண்டு போனது. 1997 ஆகஸ்டில் அதையும் மூடிவிட்டது.

ஆனால் ஹவாய் மக்கள் பலர் அதை இழப்பாகச் சொல்வதில்லை. அது எரிமலைத் தெய்வம் பெலேயின் நிலம், அவள் எடுத்துக்கொண்டாள் என்பார்கள். அதில் தலையிட மற்றவர்களுக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

மனிதக் கையால் தடுக்கக்கூடியது புல்டோசர். அதுதான் முதல் ஆபத்து. அடுத்து வேர். வெளியிலிருந்து வந்த கியாவே முள்மரம், கிறிஸ்மஸ் பெர்ரி, ஆக்டோபஸ் மரம் எல்லாம் சுவர் இடுக்கில் முளைத்துக் கல்லைப் பிளந்து தள்ளுகின்றன. காட்டாடுகளும் காட்டுப்பன்றிகளும் மேலே ஏறி இறங்கி ஓரத்தைச் சரிக்கின்றன. கடலோரத்தில் கடல்மட்டம் உயர்வது இப்போதே தெரிகிறது. மீன்குளச் சுவர்களும் கரையோர மேடைகளும் பெரிய ஓதத்தின்போது நேரடியாக அலை வாங்குகின்றன.

ஒரு கல் குவியல் பழசா, புல்டோசர் தள்ளியதா என்று எப்படித் தெரியும்?

கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். புல்டோசர் தள்ளிய குவியலில் கல்லும் மண்ணும் கலந்திருக்கும். பெரியதும் சிறியதும் தாறுமாறாகக் கிடக்கும். சில கற்களில் இரும்புப் பல் உரசிய வெளிறிய கீறல் தெரியும். வேரோடு புரண்ட மரக்கட்டை, கம்பித் துண்டு அகப்படுவதும் உண்டு. பழைய அமைப்பில் எங்காவது ஓரிடத்திலாவது ஒழுங்கான முகப்பு மிஞ்சியிருக்கும். இரண்டு கல் உயரம் இருந்தாலும் போதும். வெளிப்பக்கமெல்லாம் பாசிப்பூஞ்சைத் திட்டு ஒரே மாதிரி படர்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: புல்டோசர் தள்ளிய குவியலுக்கு அடியில் பழைய அடித்தளம் இருக்கலாம். மேலே பார்த்துவிட்டு "இது ஒன்றுமில்லை" என்று எழுதிவிடக் கூடாது.

பதிவு செய்வது என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

முதல் பாதி வேலை களத்துக்கு வெளியே. 1848இல் நிலம் தனிச்சொத்தாகப் பிரிக்கப்பட்டபோது குடியானவர்கள் ஹவாய் மொழியில் கொடுத்த சாட்சியங்கள் இருக்கின்றன. "என் எல்லை இந்தச் சுவர், அந்த மீன்குளம்" என்று இடம் இடமாகச் சொல்கின்றன. 1834 முதல் 1948 வரை வெளிவந்த ஹவாய் மொழிச் செய்தித்தாள்கள் இருக்கின்றன. 1900களின் தொடக்கத்திலும் 1930 வாக்கிலும் பிஷப் அருங்காட்சியகத்துக்காகத் தீவு தீவாக நடந்து எடுத்த கணக்கெடுப்புகள் உண்டு. அப்போதே பல ஹெயாவ்கள் "அழிந்துவிட்டது, முதியவர் ஒருவர் இடத்தைக் காட்டினார்" என்ற அளவில்தான் பதிவாகியிருக்கின்றன. இன்று அந்த ஒற்றை வரிதான் நமக்கு மிச்சம்.

களத்தில் போனால், முதலில் அந்த நிலத்தோடு உறவுள்ள குடும்பங்களிடம் அனுமதி. பலர் மந்திரப் பாடல் ஓதிய பிறகே உள்ளே காலெடுத்து வைப்பார்கள். பிறகு புதர் வெட்டுவது; வேரைப் பிடுங்காமல் தரையோடு வெட்ட வேண்டும், பிடுங்கினால் கல்லும் கூடவே வரும். நாடாவும் காம்பஸும் வைத்துத் தரைப்படம், ஒவ்வொரு சுவரின் உயரம், அகலம், முகப்பு எந்தப் பக்கம், எங்கே சரிந்திருக்கிறது, பவளமும் கடல் உருட்டிய கூழாங்கல்லும் எங்கே கிடக்கின்றன என்ற குறிப்பு. படமெடுக்கும்போது அளவுகோலும் வடக்கு அம்புக்குறியும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது.

கடைசியில் மாநில வரலாற்றுப் பாதுகாப்புப் பிரிவு அந்த இடத்துக்கு ஓர் எண் தரும். ஓவாஹுவில் உள்ள இடம் என்றால் எண் 50-80 என்று தொடங்கும்; 50 மாநிலம், 80 தீவு. அந்த எண் வந்துவிட்டால், பிறகு கட்டட அனுமதி கேட்பவர் "எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்வது கடினம்.

டிரோன், லைடார் எல்லாம் வந்த பிறகும் நடந்து அளக்க வேண்டுமா?

வேண்டும். விமானத்தில் இருந்து லேசர் கதிர் அனுப்பித் தரையின் மேடுபள்ளம் காட்டும் லைடார், பெரிய தீவின் கோஹாலா பகுதியில் புல்வெளிக்குள் மறைந்துகிடந்த பழைய வயல்வரப்புகளை மைல் கணக்கில் வெளியே கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி முப்பரிமாண உரு செய்யும் போட்டோகிராமெட்ரி இப்போது சாதாரணக் கேமராவிலேயே முடிகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தை எடுத்து ஒப்பிட்டால் எந்தக் கல் நகர்ந்தது என்றுகூடத் தெரியும். ஆனால் அந்தச் சுவரின் பெயரையோ, அங்கே பூசை செய்த குடும்பம் எது என்பதையோ கருவி சொல்லாது. முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலையைத்தான் நான் முதலில் வைப்பேன். கல் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும். அந்தப் பாட்டி காத்திருக்க முடியாது.

கண்டுபிடித்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை இணையத்தில் போடலாமா?

போடாதீர்கள். புதைகுழி இருக்கும் இடங்களைத் தோண்டித் திருடியவர்கள் இருந்திருக்கிறார்கள். பதிவு முழுமையாக இருக்க வேண்டும்; அது யார் கையில் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அந்த நிலத்தின் வழித்தோன்றல்களிடமும் அரசுப் பிரிவிடமும் இருந்தால் போதும்.

சட்டம் எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது?

ஹவாய் மாநிலச் சட்டத்தில் 6இ என்ற அத்தியாயம் இதற்கானது. 50 ஆண்டுக்கு மேல் பழமையான வரலாற்றுச் சொத்துகள் திட்ட அனுமதிக்கு முன் பரிசீலிக்கப்பட வேண்டும். மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்டால் 1966ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

புதைகுழிகளுக்கான சட்டம் போராடிப் பெற்றது. மௌயியின் ஹோனோகஹுவாவில் 1980களின் கடைசியில் கடலோர ஓட்டல் ஒன்றுக்காக மணல்மேட்டைத் தோண்டினார்கள். 900க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளியே எடுக்கப்பட்டன. ஹவாய் மக்கள் திரண்டார்கள். தலைநகரில் இரவு முழுக்க விழித்திருந்து வேண்டினார்கள். தோண்டல் நின்றது, எலும்புகள் மறுபடி அதே மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன, ஓட்டல் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. அதன் விளைவாகத் தீவுகளுக்கான புதைகுழி மன்றங்கள் அமைந்தன. வேலை நடக்கும்போது எலும்பு தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பது இன்று சட்டம்.

பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் பலவீனமும். பரிசீலித்துவிட்டு, அளந்து படமெடுத்துவிட்டு, இடிக்க அனுமதிப்பதும் நடக்கிறது. பதிவைப் பாதுகாப்புக்கு மாற்றாகக் காட்டும் அறிக்கைகளைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

இடிந்ததைத் திரும்பக் கட்டுவது சரியா? அது புதுக் கட்டடம் ஆகிவிடாதா?

கையும் முறையும் தொடர்ந்தால் ஆகாது. கவாய்ஹாயே துறைமுகத்துக்கு மேலே நிற்கும் புஉகோஹோலா ஹெயாவ், முதலாம் கமேஹமேஹா 1790-91இல் போர்த்தெய்வம் கூவுக்காகக் கட்டியது. 224 அடி நீளம், 100 அடி அகலம். சிவந்த கற்களை இருபது மைலுக்கு அப்பால் உள்ள போலோலூ பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் வரிசையில் நின்று கைமாற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. 2006 அக்டோபர் 15 அன்று வந்த 6.7 அளவு நிலநடுக்கத்தில் சுவர்கள் சரிந்தன. பழைய முறை தெரிந்த கல்கட்டுபவர்கள் சாந்தில்லாமல் மறுபடி அடுக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஓவாஹுவின் ஹெஏயா மீன்குளம். 88 ஏக்கர், சுற்றிலும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுவர். இரண்டு கல்முகப்புகளுக்கு நடுவே பவளச் சரளை நிரப்பிய கட்டு. 1965 வெள்ளத்தில் சுமார் 200 அடி உடைந்துபோனது. வெளியிலிருந்து 1900களில் கொண்டுவரப்பட்ட அலையாத்தி மரங்கள் மீதிச் சுவரைப் பிளந்தன. 2001இல் உள்ளூர் இளைஞர்கள் ஓர் அமைப்பு தொடங்கி மரத்தை வெட்டினார்கள், கல் சுமந்தார்கள். 2015 டிசம்பரில் அந்த உடைப்பு அடைபட்டது. பள்ளிப் பிள்ளைகள்கூட வரிசையில் நின்று கல் கைமாற்றினார்கள். அந்தச் சுவரில் தன் கையால் ஒரு கல் வைத்த பிள்ளை, நாளை அங்கே புல்டோசர் வந்தால் சும்மா இருக்காது. எந்தச் சட்டப்பிரிவையும்விட இதைத்தான் நம்புகிறேன்.

மண்ணுக்கடியில் போய்விட்டால் அழிந்ததாகத்தானே அர்த்தம்?

இல்லை. வைகீகி கடற்கரையில் நாலு பெரிய பாறைகள் உண்டு. டஹிட்டியில் இருந்து வந்த நான்கு மருத்துவர்கள் தங்கள் சக்தியை அவற்றுக்குள் வைத்துச் சென்றார்கள் என்பது நம்பிக்கை. 1941இல் அவற்றின் மேலேயே பௌலிங் விளையாட்டுக் கூடம் கட்டினார்கள். 1963இல் அந்தக் கட்டடம் போனபோது பாறைகள் வெளியே வந்தன. 1997இல் மேடையும் வேலியும் அமைத்து முறையாக நிறுத்தினார்கள். மௌயியின் லஹாய்னா ஊரில் அரச குடும்பம் வாழ்ந்த மொகுஉலா தீவும் அதைச் சூழ்ந்த குளமும் 1914இல் மண் கொட்டி மூடப்பட்டு விளையாட்டுத் திடலாகின. தீவு இன்னும் கீழேதான் இருக்கிறது. 2023 தீவிபத்துக்குப் பிறகு அதை மீட்க வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது.

கஹோஓலாவே தீவு பற்றிச் சொல்லுங்கள்.

1941 முதல் 1990 வரை அமெரிக்கக் கடற்படை அந்தத் தீவைக் குண்டு போட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தது. 1976இல் ஹவாய் இளைஞர்கள் தடையை மீறிப் படகில் போய் இறங்கினார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னின்ற ஜார்ஜ் ஹெல்மும் கிமோ மிட்செலும் 1977இல் கடலில் காணாமல் போனார்கள். வழக்கின் விளைவாகத் தொல்லியல் கணக்கெடுப்பு நடந்து, 1981இல் தீவு முழுவதும் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்ந்தது. குண்டு விழுவது நிற்க அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டு ஆனது. சுத்தம் செய்த பிறகும் தீவின் ஏறத்தாழ கால்பங்கு நிலப்பரப்பில் வெடிக்காத குண்டுகள் அகற்றப்படவில்லை.

சுற்றுலா போனால் என்ன கவனிக்க வேண்டும்?

சுவர் மேல் ஏறாதீர்கள். கல்லை எடுக்காதீர்கள், அடுக்கி விளையாடாதீர்கள். எரிமலைத் தேசியப் பூங்காவின் புஉலோவாவில் 23,000க்கும் மேற்பட்ட செதுக்கல்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை வைக்கத் துளைத்த குழிகள் அவற்றில் மிகுதி. மரப்பாதையை விட்டு இறங்காமலே நன்றாகப் பார்க்கலாம். காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் சாக்பீஸால் வரைவதும் செதுக்கலைத் தேய்த்துவிடும்.

பக்தியோடு செய்வதும் கெடுக்கும். மெழுகுவத்தி, ஊதுவத்திச் சூட்டில் கல் வெடிக்கும். பழமும் இனிப்பும் எலியையும் எறும்பையும் கூப்பிடும். கைகூப்பினால் போதும்.

கவாயி தீவின் இறைவன் கோயிலுக்குப் போகிறோம். பக்கத்தில் ஏதாவது பார்க்க முடியுமா?

இறைவன் கோயில் உள்ள, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வழிவந்த சைவ மடம் அமைந்திருப்பது வைலுவா பகுதியில். அது கவாயி அரசர்களின் புனித இடம். கோயிலுக்குப் போகும் குவாமோஓ சாலையிலேயே, ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் பொலிஅஹு ஹெயாவ் இருக்கிறது. ஆற்றோரத்தில் ஹோலோஹோலோகூ, முகத்துவாரத்தில் ஹிகினாஅகலா. எல்லாம் சேர்ந்து ஒரே தேசிய வரலாற்றுச் சின்னம். நடை செருப்போடு வெளியில் நின்றே பார்க்கலாம். சுவருக்குள் போக வேண்டாம்.

சேதம் நடப்பதைப் பார்த்தால்?

பூங்கா என்றால் அங்குள்ள ரேஞ்சரிடம், மற்ற இடம் என்றால் மாநில நிலம் மற்றும் இயற்கை வளத் துறையிடம் சொல்லுங்கள். நேரம், இடம், வண்டி எண் தெரிந்தால் நல்லது. சுவர் சரிந்து கிடந்தால் தூரத்தில் இருந்தும் அருகில் இருந்தும் படமெடுங்கள். உதவியாக இருக்கட்டும் என்று விழுந்த கல்லைத் தூக்கி மேலே வைக்காதீர்கள். அது விழுந்து கிடக்கும் விதத்தை வைத்துத்தான் சுவர் எந்தப் பக்கம், எந்த வரிசையில் விட்டது என்று கல்கட்டுபவர் கண்டுபிடிப்பார்.